சமையலறையோரம் ஒரு வாத்துக்குளம்

கோழி குளிப்பதற்கு மண் போதும். வாத்து வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே இதை நான் கவனித்திருந்தேன். கவனித்தேனே தவிர, அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை.

என் மனைவி வளர்க்கும் நாட்டுக்கோழிகள் உச்சி வெயிலில் புறவாசல் சுவரோரம் பள்ளம் பறித்துப் படுத்துக்கொள்ளும். புழுதியை இறக்கைக்குள் அள்ளிப் போட்டு, கண்ணை மூடிக் கிறங்கிக் கிடக்கும். எழுந்து ஓர் உதறு உதறினால் குளியல் முடிந்தது. கோவில்பட்டியில் வாழ்வதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி அது. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். தண்ணீர் வந்த நாள், மழை பெய்த நாள், வேம்பு பூத்த நாள் என்று எல்லாவற்றையும் நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைக்கிறவன் நான். இரண்டு தண்ணீர் நாள்களுக்கு நடுவில் எத்தனை தாள் கிழியும் என்று இந்தத் தெருவிலேயே துல்லியமாக அறிந்தவன்தான் வாத்து வாங்கினான்.

பங்குனியில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. வாத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த வரப்பில் வைத்து நினைவுக்கு வந்துவிட்டது. கோழியைப் போலச் செடியின் வேரைக் கிளறாது. நத்தையையும் பூச்சியையும் தின்னும். நோய் குறைவு, முட்டை பெரிது. பந்தி முடிந்து மற்றவர்கள் தாம்பூலப்பையோடு கிளம்ப, நான் ஒரு கூடையில் மூன்று வாத்துகளோடு பேருந்தில் ஏறினேன்.

"கூடைக்குள்ள என்னது?" என்றார் நடத்துநர்.

"வாத்து."

"எங்க போறிய?"

"கோவில்பட்டி."

 அவர் ஓட்டுநர் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "அண்ணே, கோவில்பட்டிக்குக் கடல் வந்துட்டாம்லா! நமக்குத்தான் தெரியல."

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். நடத்துநருக்கு வாத்து வளர்ப்பு பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி கூடையை எட்டிப் பார்த்துவிட்டு நிபந்தனைகளை அங்கேயே சொன்னாள்.

"நல்ல தண்ணி ஒரு சொட்டு குடுக்க மாட்டேன். அரிசி களஞ்ச தண்ணி, காய் கழுவுன தண்ணி, அதோட சரி. அப்புறம் இதுகளால என் அடுப்படிக்கு ஒரு கேடும் வரப்படாது."

அவள் அடுப்படி என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் வீட்டுக்குள் சன்னல் இல்லாத ஓர் இடுக்கில் நின்று சமைத்தவள் அவள். சில வருடங்களுக்கு முன்புதான் புறவாசலில் தனியாக ஒரு சமையலறை கட்டினோம். சன்னல் எந்தத் திசை பார்க்க வேண்டும், அம்மி எங்கே, கிரைண்டர் எங்கே என்று எல்லாம் அவள் சொன்னபடிதான். ஒரே ஓர் அறை, ஒரே ஒரு கதவு. இந்த வீட்டில் என் புத்தகங்கள் நுழையாத இடம் அது ஒன்றுதான். அந்தச் சமையலறைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன்.

முதல் வாரத்திலேயே வித்தியாசங்கள் தெரிந்தன. பொழுது சாய்ந்தால் கோழி தானாக வந்து பஞ்சாரத்தடியில் நிற்கும். வாத்தை நான் கையை விரித்துக்கொண்டு புறவாசலை மூன்று சுற்றுச் சுற்றித்தான் அடைக்க முடியும். கோழி ஒரு முட்டையிட்டால் தெருவுக்கே அறிவிக்கும். வாத்து விடிவதற்கு முன் நடந்துபோகிற போக்கில் முட்டையைப் போட்டுவிட்டு, அது யாருடையதோ என்பதுபோல் போய்விடும். வேரைக் கிளறாது என்று படித்தது உண்மைதான். கிளறாமல், கத்தரி நாற்றுகளின் மேல் வரிசையாக நடந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். வாத்து ஒரு வாய் தவிடு தின்றால் ஒரு வாய் தண்ணீர் வேண்டும். தண்ணீர்ச் சட்டியைக் கண்டால் அதற்குள் ஏறி நிற்கும். ஒரு சட்டியில் மூன்று வாத்து ஏற முயல்வதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. சமையலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் சுவரின் மூலையில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு குழி வெட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆடு வளர்ப்பவர். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"அண்ணாச்சி, பொதையல் கிதையல் இருக்கா?"

"குளம் வெட்டுதேன். கரிசலுக்கு சிமெண்டே வேண்டாம் பாத்துக்கிடுங்க. நனைஞ்சா ஒரு சொட்டு கீழ எறங்காது."

அதுவும் உண்மைதான். குழி நிறைந்தது, வாத்துகள் இறங்கின. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாழ்க்கையில் அத்தனை திருப்தியாக நான் எதையும் தவறாகச் செய்ததில்லை.

கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். மனை வாங்கும் உறவினர் ஒவ்வொருவரிடமும் நானே சொல்லியிருக்கிறேன்: "கெட்டி மண் தட்டும்வரை தோண்டு, ஆற்று மணல் போட்டு நிரப்பு, சுவரோரம் தண்ணீர் தேங்க விடாதே." சமையலறைக்கு அவ்வளவு ஆழம் தோண்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் மூளையில் அஸ்திவாரம் ஓர் அலமாரியிலும் வாத்து வேறொரு அலமாரியிலும் இருந்தன. இரண்டையும் ஒரே சமயத்தில் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை வந்தது. ஊரைச் சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, எங்கள் சமையலறையின் ஒரு மூலை மட்டும் ஐப்பசி போல ஈரமாக இருந்தது. சன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு விரிசல் கிளம்பியது.

நான் என்ன செய்தேன் என்றால், விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த ஞாயிறு அது கோட்டைத் தாண்டியிருந்தது. மறுபடி கோடு, மறுபடி தேதி.

"என்ன எழுதுதீங்க?" என்றாள் மனைவி.

"எம்புட்டு வளருதுன்னு பாக்கேன்."

"பிள்ளையா அது, வளத்தி பாக்கதுக்கு?"

"வெயிலுக்கு விட்டிருக்கு. மழை பெஞ்சா சேந்துக்கிடும்."

"போன சித்திரையிலயும் இதே வெயில்தான அடிச்சுது?"

நல்ல கேள்வி. அடுத்த ஞாயிறு இன்னொரு கோடு போட்டேன்.

அதற்கும் அடுத்த ஞாயிறு காலையில் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாத்துகள் வாசற்படி ஏறின. ஒரு கையால் அவற்றைத் துரத்தி, மறுகையால் கதவை ஓங்கிச் சாத்தினாள். அவள் ஆராதனைக்குப் போகும் கோயிலில் முதல் மணி அடித்தது. கதவு திறக்கவில்லை.

"ஏங்க, கதவு வர மாட்டேங்கு."

"நல்லா உள்ளுக்குத் தள்ளு."

"உள்ளுக்கு எங்கிட்டுத் தள்ள? நான் உள்ளதான நிக்கேன்!"

நான் வெளியிலிருந்து தோளைக் கொடுத்து மோதினேன். கதவு அசையவில்லை, தோள் அசைந்தது. சத்தம் கேட்டு மதில் மேல் ஒரு தலை முளைத்தது.

"என்ன அண்ணாச்சி, மதினிய அடைச்சு வச்சிட்டியளோ?"

"நெலை கோணிட்டு போல. கடப்பாரை இருந்தா எடுத்துட்டு வாங்க."

அவர் போன இடைவெளியில் மனைவி சன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் விசாரிக்கப்படுகிறவன் நான்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

"இந்தக் குழிதான். இந்த மூலைய அப்படியே தூக்குது. சன்னல் கொண்டி விழாம எத்தன நாளாச்சு தெரியுமா?"

"ஏட்டி, சொல்லிருக்கலாம்லா?"

"நீங்கதான் தேதி போட்டுக்கிட்டு இருந்தீங்களே. ஆராய்ச்சி முடியட்டும்னு இருந்தேன்."

"குழிய வேற எடத்துக்கு மாத்திருதேன்."

"எங்கன மாத்துவீங்க? பொறவாசலே இம்புட்டுக்காணுதான். எங்க தோண்டினாலும் ஒரு சொவரு நிக்கும்."

கடப்பாரையோடு மதிலேறிக் குதித்த பக்கத்து வீட்டுக்காரர், "இந்தப் பக்கம் தோண்டிராதிய, என் ஆட்டுக்கொட்டாச் சொவரு" என்றார்.

இரண்டாம் மணி அடித்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. "வாத்தா, அடுப்படியா? கதவு தெறக்க முன்னாடி சொல்லிருங்க."

வாத்துகள் அப்போதுதான் குழிக்குள் தலையை விட்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்தேன். அங்கே என் கையெழுத்தில் என் தேதிகள்.

"அடுப்படிதான்" என்றேன்.

கதவு சும்மா திறக்கவில்லை. கீலோடு பெயர்த்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். நான் குழித் தண்ணீரை வாளியால் இறைத்தேன். ஆராதனையில் எனக்காக யாராவது ஜெபித்தார்களா என்று தெரியாது, தேவைப்பட்டது.

அன்று மாலையே வாத்துகள் கிளம்பின. பக்கத்து வீட்டுக்காரரின் மச்சினருக்குக் கழுகுமலை போகிற வழியில் தோட்டம் உண்டு, அதில் ஒரு பண்ணைக்குட்டையும் உண்டு. லோடு ஆட்டோவில் போனோம். கூடையைத் திறந்ததும் மூன்றும் கரையிலிருந்து சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்தன. ஒன்றாவது திரும்பிப் பார்க்கும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். மூன்றும் எதிர்க்கரையில் இருந்தன. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?" என்றார் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்.

"பக்கத்துல சொவரு எதும் இருக்கான்னு பாக்கேன்."

"பம்புசெட்டு ரூம்பு இருக்கு, அங்கன. குட்டை ஈரம் அங்க போய்ச் சேர ஒரு வருசம் ஆகும்."

குழியில் ஆற்று மணல் போட்டு மூடினேன். குழாயை நீட்டித் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினேன். தச்சர் வந்து நிலையில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, மூலை காய்ந்து கீழே உட்காரும்வரை கதவை மாட்ட முடியாது என்று சொல்லிப் போனார். ஆகவே சமையலறை சில வாரம் கதவில்லாமல் இருந்தது. கோழிகளுக்கு இது ஒரே நாளில் தெரிந்துவிட்டது. சேவல் முதலில் வந்து பார்த்தது, பிறகு குடும்பத்தை அழைத்து வந்தது. உலையில் போட இருந்த அரிசியில் நின்று கிளறின. கோழி எதையும் கிளறும் என்று நான் படித்ததும் உண்மைதான்.

"வாத்துக்காரரே, இங்க வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள். வாசற்படியில் ஒரு முக்காலி கிடந்தது. பக்கத்தில் ஒரு விளக்குமாறு.

அதன் பிறகு அவள் சமைக்கிற நேரமெல்லாம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். புத்தகம் கொண்டுபோக அனுமதி இல்லை. தச்சர் திரும்பி வருகிறவரை அந்தச் சமையலறைக்குக் கதவு நான்தான்.