காயப்போட்ட ஃபில்டர் துணி

ராணிப்பேட்டையில் அந்தக் கெமிக்கல் கம்பெனியில் நான் சேர்ந்த நான்காம் நாள், ஃபில்டர் செக்ஷனுக்குப் பின்னால் தீப்பிடித்தது. குட்டைச் சுவரில் விரித்திருந்த ஒரு துணிதான் எரிந்தது. ஆனால் பத்தடி தள்ளி மெத்தனால் டிரம்கள் இருந்தன. மணலைக் கொட்டி அணைத்தோம்.

ஹைட்ரஜன் வாயு ஓடும் இடம் என்பதால் பீடி, தீப்பெட்டி கேட்டைத் தாண்டக் கூடாது. மானேஜர் நேராக, டிரம் உருட்டும் சாமுவேல் அண்ணனிடம் போனார். அண்ணன் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருபவர்.

"கிட்ட வந்தாலே பீடி நாத்தம் குப்புனு அடிக்குது. இன்னாய்யா சொல்ற?"

"வூட்ல பொண்டாட்டி பீடி சுத்துறா சார். சட்டை, சோறு எல்லாத்துலயும் அந்த வாசனைதான். நான் வாயில வெச்சதே இல்ல."

"அப்போ துணி தானா பத்திக்கிச்சா? கேட் பாஸைக் குடுத்துட்டுக் கிளம்பு."

அந்தத் துணியை விரித்தவன் நான். அதற்கு முன் பதினோரு வருடம் ஆம்பூர் டேனரியில் தோலை இழுத்து விரித்துக் காயவைத்த கை இது. ஃபில்டர் துணியைத் தண்ணீர் டிரம்மில் போடு என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அழுக்குத் தண்ணீரில் ஊறவிடுவது சோம்பேறித்தனம் என்று நினைத்து, அலசி வெயிலில் போட்டேன்.

ஒன்று மட்டும் மனதைக் குடைந்தது. பீடி விழுந்தால் ஓர் இடத்தில்தான் பற்றும். இந்தத் துணியிலோ, சரக்கை வடிகட்டியபோது படிந்து அலசியும் போகாத கறுப்புத் தூள் ஒட்டியிருந்த இடங்களிலெல்லாம் தனித்தனியாகப் பொறி பறந்தது.

யாரிடமும் தானாகப் போய்ப் பேசாதவன், லேப் வாசலில் நின்று கெமிஸ்ட் மேடத்திடம் கேட்டேன்.

"அந்தக் கறுப்புத் தூள் தானா எரியுமா மேடம்?"

அவர் தண்ணீருக்குள் இருந்த தூளில் கடுகளவு எடுத்து ஃபில்டர் பேப்பரில் தடவி, மணல் தட்டில் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரம் வற்றியதும் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது. பேப்பர் கருகிப் பற்றியது.

"இது ரேனி நிக்கல். நிக்கலும் அலுமினியமும் கலந்த தூளைக் காஸ்டிக்ல போட்டு அலுமினியத்தைக் கரைச்சிடுவாங்க. மிச்சமுள்ள நிக்கல் பூரா பொடிப்பொடிப் பொத்தல். அதுல ஹைட்ரஜன் ஒட்டிக்கும். ஆட்டோகிளேவ்ங்கிற அந்தப் பெரிய பிரஷர் பாத்திரத்துல நைட்ரோ சரக்கு ஹைட்ரஜனைப் பிடிச்சுக்கிட்டு அமீனா மாறுறது இதாலதான். காஞ்சு காத்து பட்டா பத்திக்கும்."

"நிக்கல் தீர்ந்துபோயிடுமா?"

"தீராது. வடிகட்டி அடுத்த பேட்சுக்கும் போடுவோம். அதான் கேட்டலிஸ்ட்."

"அமீன் எதுக்கு?"

"சாயத்துக்குத்தான். ஆம்பூர் டேனரியில இருந்து வந்தவராச்சே, கறுப்புத் தோல் பார்த்ததில்லையா நீங்க?"

பார்க்காமலா? இன்னும் கேட்க எனக்கு நிறைய இருந்தது. அதற்குள் அவர் கேட்டார்: "ஆமா, அந்தத் துணியை யாரு காயப்போட்டது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மானேஜரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. "டேனரி புத்தி! இது இன்னா தோலா, காயப்போட?" என்று கத்தினார். ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றார்.

சாமுவேல் அண்ணன் அதுவரை கேட்டுக்கு வெளியே, சோற்று டப்பாவைத் திறக்காமல் நின்றிருந்தார். மானேஜர் திருப்பித் தந்த அவருடைய பாஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"துணி தானா பத்திக்கிச்சாமே, நெசமா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அத மொதல்ல என் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லு. இந்நேரம் யாராவது, பீடி குடிச்சு வேலை போச்சுன்னு அவளுக்குப் போன் போட்டிருப்பாங்க."

இப்போது புது ஆட்களுக்கு நான்தான் ஃபில்டர் வேலை காட்டுகிறேன். துணியை ஏன் தண்ணீரில் போட வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். ஏன் என்று அன்று நான் கேட்டிருந்தால், சாமுவேல் அண்ணன் அரை நாள் கேட்டுக்கு வெளியே நின்றிருக்க மாட்டார்.