பங்குனி வெயிலில் கம்பளி போட்டவர்

எங்கள் எஸ்டேட்டுக்குத் தபால் பை சுமந்தவர் பெரியமுத்து. தேவிகுளத்தில் பையை வாங்கி, டிவிஷன் டிவிஷனாக ஏறி இறங்கி, சாயங்காலம் ஃபேக்டரிக்கு வந்து சேர்வார். நான் அங்கே தேயிலை சலிக்கும் அறையில் வேலை பார்த்தேன். தூரத்தில் வரும்போதே அவர் முகத்தைப் பார்த்துக் கடிதம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லத் தெரியாத முகம். அந்த மனுஷனுக்கு 1974 பங்குனியில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன், மறைப்பானேன்.

காரணம் ஒரு கம்பளி. ஆனி, ஆடி மழையில் எஸ்டேட்டில் எல்லோரும் கறுப்புக் கம்பளியைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டுதான் நடமாடுவோம். ஆள் யாரென்றே தெரியாது. மழை விட்டதும் கம்பளி பரண் ஏறிவிடும். இவரோ மண்டையைப் பிளக்கும் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு, வேர்வை வழிய, சாந்தம்மாள் வீட்டு வாசலில் குத்தவைத்திருந்தார்.

சாந்தம்மாள் கொழுந்து பறிப்பவள். புருஷன் போனபின் ஒண்டிக்கட்டை. துணைக்கு முந்தின வருடம் செவலை என்று ஒரு நாய் வளர்த்தாள். மார்கழியில் பிறந்த குட்டி அது. வெயில் காலம் முழுக்கப் பெரியமுத்துவைக் கண்டால் வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டும். முதல் மழையன்று அவர் கம்பளியோடு வாசலில் வந்து நின்றதும் பாய்ந்து தொடையைக் கவ்விவிட்டது. கடித்த நாயைச் சுட்டுவிடுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். சாந்தம்மாள் கண் முன்னாலேயே எஸ்டேட்டைக் காவல் காக்கும் வாச்சர் சுட்டார்.

பெரியமுத்துவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. என்னைத் தெரிந்த நாய் என்னை ஏன் கடித்தது என்று ஒவ்வொரு ஊசிக்கும் யோசித்தாராம். செவலை அதுவரை கம்பளி போட்ட ஆளையே பார்த்ததில்லை என்பது கடைசி ஊசியன்றுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் சாந்தம்மாள் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

மறுவருடம் அவள் அண்ணன் போடிமெட்டிலிருந்து ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்றரை மாதக் குட்டி. அவள் அதை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாள். ஆளைப் பார்த்தால்தானே கடிக்கும்? எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. பெரியமுத்து மட்டும் போய்க் கதவைத் தட்டினார்.

"தாயி, குட்டிய வெளிய விடு."

"ஒரு நாயத் தின்னது பத்தாதாண்ணே? இதையும் வாச்சர் கையில குடுக்கவா?"

"குடுக்கக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன். இந்த வயசுல நாலு பேரப் பாத்துட்டா பெறவு மெரளாது. பூட்டியே வச்சேன்னா மழையில எவனக் கண்டாலும் பாயும். அப்பம் நீ அழுது என்ன செய்ய?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. மறுநாளும் போனார். நாலாம் நாள்தான் திறந்தாள்.

முதலில் கம்பளியைத் தரையில் விரித்து, அதன் மேல் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். குட்டி குரைத்துவிட்டு உள்ளே ஓடியது. அவர் கூப்பிடவில்லை, பிடித்து இழுக்கவுமில்லை. அதுவாக வந்து தின்றது. பிறகு கம்பளியைத் தோளில் போட்டார், இன்னொரு நாள் தலையில் போட்டார். ஒரு மாதத்தில் குட்டி தபால் பைக்குள் ஏறி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஜீப்பையும் மிஷினையும் லயத்துப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வந்தது. எனக்கு வந்த கடிதம் ஒன்றில் மூத்திரமும் பெய்தது. நான் சண்டைக்குப் போனேன்.

"எழுத்து கலையலல்லா? சும்மா படியும்வே," என்றார்.

அன்றுதான் கவனித்தேன். குட்டி மடியில் ஏறும்போதெல்லாம் அவர் கை நடுங்கியது. கேட்டேன்.

"கடிபட்டதுலருந்து நாயின்னாலே ஈரக்கொல நடுங்குது. குட்டி மட்டுமா பழகுது? நானுந்தான் பழகுதேன்."

அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆனி பிறந்தது, மழை பிடித்தது. அந்த வாரம் பார்த்து அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு முப்பது பெண்கள் கறுப்புக் கம்பளியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சாந்தம்மாளின் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடியது. காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கியோடு நின்ற வாச்சர் நாயைக் குறிபார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினார்.

"சுட்டுராதீய! அய்யா, சுட்டுராதீய!" என்று சாந்தம்மாள் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்தாள்.

நாய் முதல் பெண்ணிடம் போய் நின்றது. வாலை ஆட்டியபடி கம்பளிக்கு அடியில் மூக்கை நீட்டி முகத்தைப் பார்த்தது. வால் தொங்கிவிட்டது. அடுத்தவளிடம் போனது. அங்கேயும் நிமிர்ந்து பார்த்தது. ஐந்தாறு பேர் ஆன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது, அது பெரியமுத்துவைத் தேடுகிறது. வாச்சர் துப்பாக்கியை இறக்கினார். சாந்தம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இருட்டும் முன்னே போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன பேரப் பாத்துச்சு?"

"முப்பது பேரையும் பாத்துச்சுண்ணே."

கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து உட்கார்ந்தார். காய்ச்சல் அடிக்கிறது, படுங்கள் என்றேன்.

"இன்னும் தேடிக்கிட்டு நிக்கும்வே," என்று சொல்லிக்கொண்டே மழையில் இறங்கினார்.