நடுவரை வழியனுப்பிய காலை

"அவருக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா? பாட்டு, பூ, ஏதாவது ஒரு நிறம்... எதுவானாலும் சொல்லுங்க. அதை வெச்சே நிகழ்ச்சியை அமைச்சிடலாம்."

அஞ்சலி மண்டபத்தின் மேலாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு குரல் எங்கிருந்துதான் வாய்க்குமோ! பஞ்சில் சுற்றிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

"விசில் ஊதறது" என்றாள் மகள், அம்மா வாயைத் திறப்பதற்குள்.

அம்மா, ஊருக்கு டீச்சரம்மா, மேஜைக்கு அடியில் மகளின் தொடையை ஒரு கிள்ளு கிள்ளினாள். "அதெல்லாம் வேண்டாங்க. வெள்ளைப் பூ வையுங்க. மெதுவா ஏதாவது இசை போடுங்க. சொந்தக்காரங்க மட்டும்தான் வருவோம். சீக்கிரமா முடிச்சுக் கொடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

புருஷன் போன மறுநாளே இப்படிப் பேசுகிறாளே, கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் பயம்.

அவர் வாரநாட்களில் பார்சல் கிடங்கில் எடை போடுகிறவர். பெட்டியைத் தராசில் ஏற்றி, முள் நிற்கும்வரை காத்திருந்து, எடையை எழுதி ஒட்டி அனுப்புவார். அங்கே அவரை ஒருவரும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, அதற்குக் கீழே குச்சி மாதிரி இரண்டு கால்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நகராட்சி மைதானத்துக்குப் போய்விடுவார். உள்ளூர்க் கால்பந்து லீக்கில் அவர்தான் நடுவர். அதுவும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நடுவர்! ஆட்டக்காரர்களுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும்? 'கண்ணாடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் டீச்சரம்மா ஆசை ஆசையாக ஒரு தரம் ஆட்டம் பார்க்கப் போனாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு. "டேய் கண்ணாடி, துடைச்சிட்டுப் பாருடா!" என்று ஆரம்பித்தார்கள். பிறகு பெற்றவளை இழுத்தார்கள். அதன்பிறகு கட்டினவளை. கட்டினவள் அங்கேதான் குடையோடு நிற்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? பாதி ஆட்டத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எவனோ இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தான். மூஞ்சியில் கோபம் இருக்கவேண்டுமே? மருந்துக்கும் இல்லை.

"இன்னைக்கு ஆட்டம் பிரமாதம்மா!"

"அவ்வளவு திட்டு வாங்கிட்டு வர்றீங்க, உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"ஆட்டம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார்.

அன்றோடு சரி. அப்புறம் அவள் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைத்தெருவில் எதிரே ஓர் ஆட்டக்காரன் வந்தால் அவர் சட்டென்று அந்தப் பக்கம் கடந்துவிடுவார். யாராவது சிரித்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவார். அவமானம் தாங்காமல்தான் ஒளிகிறார் என்று டீச்சரம்மா முடிவுகட்டிவிட்டாள். விசில் ஊத வேறு ஆள் கிடைக்காததால் இவரைக் கூப்பிடுகிறார்கள், இவரும் ரோஷமில்லாமல் போகிறார் என்று நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள். அந்தக் கூட்டம் இப்போது மண்டபத்துக்கு வந்து, பெட்டிக்குள் படுத்திருக்கிற மனுஷனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால்? அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசி நாளாவது அவர் ஏச்சுக் கேட்காமல் போகட்டும்.

மகள் சும்மா இருக்கிற ஜாதியா? லீக் செயலாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அந்தச் சங்கதியை அம்மாவிடம் சொன்னது மண்டபத்துக்குப் போகிற காரில்.

"அடிப்பாவி! யாரைக் கேட்டுச் சொன்னே?"

"அப்பா வாரம் முழுக்க உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததே ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்மா. அதை எடுத்துட்டா அந்தப் பெட்டியில யாரை வெச்சு அனுப்பப் போறோம்?"

டீச்சரம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மண்டப வாசலில் இரண்டு ஆட்கள் ஒரு மலர் வளையத்தைச் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒரு வளையம் இல்லை, இரண்டு. நடுவில் ஒரு சின்னப் பூப்பாலம், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பூங்கம்பிகள். ஆளுயர மூக்குக் கண்ணாடி! மேலாளர் பதறிப்போய் டீச்சரம்மாவின் காதோரம் வந்தார்.

"அம்மா, இதை... பின்பக்கம் வெச்சிடட்டுமா?"

"பார்த்தியாடி?" என்றாள் டீச்சரம்மா மகளிடம். "செத்த பிறகும் விட மாட்டேங்கறாங்க."

மகளுக்கும் முகம் தொங்கிப்போனது. அதற்குள் இரண்டு அணி ஆட்டக்காரர்களும் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட, கண்ணாடி வளையம் எப்படியோ பெட்டிக்குத் தலைமாட்டிலேயே போய் நின்றுகொண்டது. பச்சைச் சட்டைக்காரர்கள் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் வலப்பக்கம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, பழக்கதோஷம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே நடைபாதை காலியாகக் கிடந்தது. சொந்தக்காரர்கள் முன்வரிசையில் ஒடுங்கிக்கொண்டார்கள்.

மகள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். கறுப்புச் சட்டையைத் தானே துவைத்துத் தானே தேய்ப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார் என்று சொன்னபோது இரண்டு பக்கமும் லேசாகச் சிரித்தார்கள். டீச்சரம்மா கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாராவது பேசணும்னா வாங்க" என்றாள் மகள்.

பச்சைப் பக்கத்திலிருந்து ஒரு வழுக்கைத்தலைக்காரர் எழுந்தார். ஒரு காலத்தில் கோல்கீப்பர், இப்போது இரும்புச் சாமான் கடை. பழைய சட்டை தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது.

"செத்தவங்க முன்னால பொய் சொல்லக் கூடாது" என்றார். "அன்னைக்கு ஃபைனல்ல கண்ணாடி எனக்கு எதிரா கொடுத்தாரே, அது பெனால்டியே இல்லை."

டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இதற்குத்தான் பயந்தாள்.

"உட்காருய்யா!" என்று சிவப்புப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். "பெனால்டி இல்லாம? என் காலைப் பிடிச்சு இழுத்தவன் உங்கப்பனா?"

"பந்தைத்தான்யா பிடிச்சேன்! நீயா விழுந்துட்டு நாடகம் ஆடினே!"

"நாடகமா? பாருங்க, எல்லாரும் பாருங்க!" சிவப்புக்காரர், தலை நரைத்த மனுஷன், நடைபாதைக்கு ஓடிவந்து கம்பளத்தில் பொத்தென்று விழுந்து காட்டினார். "இப்படி விழுந்தேன். இதோ, இந்தக் கால்!" உடனே இரண்டு பக்கமும் எழுந்து நடைபாதையில் குவிந்துவிட்டது. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இதுதான் கோல் கம்பம் என்றார். கம்பம் அங்கே இல்லை, இங்கே என்று இன்னொருவர் அதை நகர்த்தினார். மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு, "ஐயா, இது அஞ்சலி மண்டபம், ஐயா" என்று சுற்றிச் சுற்றி வந்தார். பஞ்சுக் குரல் போன இடம் தெரியவில்லை.

இரும்புக் கடைக்காரர் ஆத்திரத்தில் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி, நீங்களே சொல்லுங்க!"

மண்டபம் கப்பென்று அடங்கிவிட்டது. இரண்டு அணியும் அப்படியே நின்று பெட்டியைப் பார்த்தன. அவர் சொல்வார், சொன்னதும் நாம் மறுபடி கத்தலாம் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார்கள். பதில் வராது என்பது அப்போதுதான் கடைக்காரருக்கு உறைத்ததோ என்னவோ, உதடு துடித்தது. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். கீழே கிடந்த சிவப்புக்காரர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

கடைக்காரர் டீச்சரம்மாவின் முன்னால் வந்து நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா. வாய் தவறிப் போச்சு."

"இவ்வளவு கோபம் இருக்குல்ல? அப்புறம் ஏன் வந்தீங்க?" டீச்சரம்மா நறுக்கென்று கேட்டாள். இத்தனை வருஷப் புழுக்கம் அதில் இருந்தது.

"கோபமா? என்னம்மா சொல்றீங்க!" அவர் அசந்துபோய்விட்டார். "விசில் ஊத இன்னும் நாலு பேர் இருக்காங்கம்மா. ஃபைனல்னு வந்துட்டா ரெண்டு அணியும் ஒண்ணாப் போய்க் கேட்கறது இவரைத்தான். எங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பாரா? ரோட்டுல பார்த்தாக்கூடப் பேச மாட்டாரே, நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு! தப்பா விசில் ஊதுவாரும்மா. நிறைய ஊதியிருக்காரு. ஆனா யாருக்காகவும் ஊத மாட்டாரு."

"அது பெனால்டிதான். மத்தபடி இவன் சொல்றது நிஜம்மா" என்றார் சிவப்புக்காரர். "அந்தப் பூக்கண்ணாடியைக்கூட ரெண்டு அணியும் சேர்ந்துதான் செய்யச் சொன்னோம்."

டீச்சரம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அட ராமா, ஒளியவில்லையா அவர்? வேறு ஆள் கிடைக்காமல் கூப்பிடவில்லையா? தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார்கள்! அதை வீட்டில் ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னாரா அந்த மனுஷன்? நான்தான் கேட்டேனா? அழுகையும் ஆறுதலும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி வந்துடுச்சு" என்று மேலாளர் மெல்ல நினைவூட்டினார். "பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும்."

வந்தது வம்பு. அணிக்கு மூன்று பேர் என்பதில் தகராறில்லை. முன்னால் யார், பின்னால் யார்? "நாங்கதான் முன்னால" என்றது பச்சை. "அதெப்படி?" என்றது சிவப்பு. கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு. கடைசியில் எல்லோரும் டீச்சரம்மாவைப் பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா."

அவள் மகளிடம் ஒரு நாணயம் வாங்கினாள். பச்சை தலை கேட்டது. சுண்டிவிட்டாள். அது கம்பளத்தில் உருண்டு போய் விழுந்தது. பூ.

"அம்மா, இது அநியாயம்!" பச்சை மொத்தமும் பாய்ந்தது. "நாணயம் நாற்காலியில இடிச்சுது! மறுபடி சுண்டுங்க! சரியாப் பாருங்கம்மா!"

முகத்துக்கு நேரே அத்தனை பேரும் கத்தினார்கள். டீச்சரம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

"மறுபடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சிவப்புதான் முன்னால. போங்க!"

முணுமுணுத்தார்கள். இரும்புக் கடைக்காரர் தலையிலேயே அடித்துக்கொண்டார். ஆனால் அத்தனை பேரும் அவள் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள், குனிந்தார்கள், பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஏங்க, உங்க ஆளுங்க ரொம்ப மோசங்க" என்று பெட்டியைத் தொட்டுச் சொல்லிவிட்டு, அவர்கள் பின்னாலேயே நடந்தாள்.