எலும்புக்குள் உப்பும் ஆணி

தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிடுமா? அவள் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் அவள் உருவாக்கியது ஒருவகைப் பிளாஸ்டிக் ஆணி. எலும்பில் துளையிட்டுச் செருகினால், உடம்பின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்பித் துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். குறைவாக உப்பினால் ஆணி ஆடும். மிஞ்சினால் எலும்பே பிளக்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான் இடம். அதைத் தேடியே தலை நரைத்தது. கெட்டிக்காரி என்பதைவிடப் பிடிவாதக்காரி என்பதே அவளுக்குப் பொருந்தும்.

அவளுடைய அண்ணன் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு பொரபொரவென்று இருந்ததால், போட்ட இரும்புத் திருகு கழன்றுவிட்டது. புது ஆணியை மனிதர்களிடம் சோதிக்க அப்போதுதான் அனுமதி வந்திருந்தது. அண்ணனுக்கே முதலில் போடலாம் என்றார் அவளோடு சேர்ந்து சோதனையை நடத்திய மருத்துவர்.

அதே வாரம், ஆய்வுக்கூடத்தில் ஆணி செருகி உப்புநீரில் ஊறப்போட்ட சோதனை எலும்பு ஒன்று பிளந்தது. முன்பே கீறல் விட்ட எலும்பு என்றார் மருத்துவர். இருக்கலாம். அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மழைக்குக் கதவு உப்பிக்குமே, அந்த மாதிரியா?" என்றார்.

"அதே மாதிரிதான் அண்ணா. ஆனா கதவு இறுகிட்டா இழைச்சுக்கலாம்."

"எலும்பு பிளந்தா?"

"காலையே எடுக்க வேண்டி வரலாம்."

அவர் மேற்கூரையைப் பார்த்தார். "இதுக்கு வெள்ளை அடிச்சவன் ஒரே ஒரு கோட்டிங் அடிச்சிட்டு ஓடிப்போயிருக்கான்." பிறகு, "நீ என்ன சொல்றே?"

"முடிவு உன்னோடது."

"சின்ன வயசுலேர்ந்து என்னைக் கேட்டு எதைச் செஞ்சிருக்கே? இப்ப மட்டும் என்ன மரியாதை? போட்டுக்கவா, வேண்டாமா?"

போர்வையை அவர் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். "போட்டுக்கோ."

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கால் வீங்கியது. காயத்தின் வீக்கமா, ஆணி எலும்பை நெருக்குகிறதா, யாருக்கும் தெரியவில்லை. வலி ஏறியது. ஒவ்வொரு எக்ஸ்ரே படத்தையும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேடினாள். இல்லை. வீக்கம் வடிந்தது, ஆணி அசையவில்லை. சில மாதங்களில் அவர் ஊன்றுகோலைக் கீழே போட்டார்.

அடுத்து அதே மாதிரி எலும்போடு ஒரு பெண் வந்தார். ஆபத்துகளைப் பொறுமையாகக் கேட்டு, முழுச் சம்மதம் சொன்னார். அவள் ஆணி தர மறுத்துவிட்டாள்.

"உங்க அண்ணனுக்குச் சரியாச்சு, இவங்களுக்கு ஆகாதா?" என்றார் மருத்துவர்.

மீதி இருந்த ஆணிகளையெல்லாம், பிளந்த காரணம் இன்னும் தெரியாத அந்தச் சோதனை எலும்போடு சேர்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஏன் என்று அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.