மற்ற இரண்டு இன்ஜின் எங்கே?

நுவரெலியாவில் நான் கடை வேலையில் இருந்தபோது ஒருமுறை என்மேல் களவுப் பழி விழுந்தது. நான் எடுத்துவிட்டதாகச் சொல்லப்பட்டவை இரண்டு விமான இன்ஜின்கள். பிளாஸ்டிக்கில் செய்தவை, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தளவு. பழி சொன்னவர் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை நடத்திய வெள்ளைக்காரர், பெரிய துரை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஐம்பதுகளின் கடைசியில், கடைக்கு நடுவே நின்று ஒரு துரை "களவு" என்று சொல்லிவிட்டால், கடையில் நிற்கிறவன் அன்று மாலையே ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நான் ஏறவில்லை. ஏறாமல் போனது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

1. மார்க் அடிக்கிற வேலை

கடைக்கு வருவதற்கு முன் இறம்பொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் எட்டு வருஷம் வேலை செய்தேன். பேக்கிங் ரூமில் தேயிலைப் பெட்டிக்கு மார்க் அடிக்கிற வேலை. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்து, மொட்டைத் தூரிகையால் கறுப்பு மையைக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், இன்வாய்ஸ் நம்பர், எடை எல்லாம் ஒரு பக்கத்தில் வரும். மை கொஞ்சம் தண்ணியாக இருந்தாலும் எழுத்து ஒழுகிவிடும். என் எழுத்து ஒழுகியதில்லை. இதை நானே சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

தூளின் பக்குவத்துக்கும் ஃபாக்டரிக்கும் பொறுப்பான எங்கள் டீமேக்கர் ஐயா கண்டிப்பான மனிதர். வாரம் ஒருமுறையாவது பேக்கிங் ரூம் வாசலில் நின்று இதையே சொல்வார். "டேய், பெட்டிய வாங்குறவன் உள்ள பார்த்து வாங்கல. ஒன் மார்க்க பார்த்துத்தான் வாங்குறான். மார்க் ஒன்னு சரக்கு ஒன்னுன்னு போச்சுன்னா, பெட்டி திரும்பி வரும். பெட்டியோட நம்ம மானமும் வரும்."

மார்க் அடிக்க இரண்டு பேர் இருந்தோம். பிழை வந்தால் யார் அடித்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார். என்னோடது இன்வாய்ஸ் நம்பருக்குக் கீழே, சற்று இடப்பக்கம் தள்ளி, ஒரு புள்ளி. மற்றவனுக்கு இரண்டு புள்ளி. எட்டு வருஷத்தில் என் கை அந்தப் புள்ளியைத் தானாகவே வைக்கப் பழகிவிட்டது. வீட்டுக்குக் கடிதம் எழுதினால்கூட தேதிக்குக் கீழே ஒரு புள்ளி விழும்.

2. கோணல் விமானம்

நுவரெலியாவில் மீன்பிடித் தூண்டில், டென்னிஸ் மட்டை, விளையாட்டுச் சாமான், காகிதச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. ஏப்ரலில் குளிர் தேடிக் கூட்டம் வருகிற சீசன்தான் அதற்குப் பெரிய வியாபாரம். அதன் முதலாளி ஒருநாள் தேயிலை வாங்க எங்கள் ஃபாக்டரிக்கு வந்தவர், பெட்டியில் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, என் பெயரையும் கேட்டுக்கொண்டு, "நம்ம கடைக்கு போர்டு எழுதவும் சாமான் விக்கவும் வர்றியா சவரிமுத்து?" என்று கேட்டார். நான் அந்த மாதமே கிளம்பிவிட்டேன்.

டீமேக்கர் ஐயாவுக்குக் கோபம். "போ. ஆனா சீசன் முடிஞ்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்காத. ஒன் எடத்துக்கு ஆள் போட்டுருவேன்" என்றார். சொன்னபடியே போட்டும்விட்டார். ஆக, எனக்குத் திரும்பிப்போக இடமில்லை. கடையில் நிலைத்தாக வேண்டும்.

கடையில் நான் கொடுத்த முதல் யோசனையே என் கழுத்துக்கு வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஏஜெண்ட் ஒருவர் விமான கிட் என்று ஒரு பட்டியலைக் காட்டினார். பிளாஸ்டிக் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டினால் சின்ன விமானம் ஆகும். "எடுங்க முதலாளி. ஏப்ரல் சீசனுக்கு வர்ற கொழும்புக்காரங்க கொத்திக்கிட்டுப் போயிருவாங்க" என்று சொன்னேன். முதலாளி என்னை நம்பி அறுபது பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார்.

மார்ச் மாதக் கடைசியில் சரக்கு வந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்த துண்டுகள் அவ்வளவு நேர்த்தி. இறக்கையில் ஆணித்தலைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் மூடிதான் கோளாறு.

அறுபது மூடியிலும் ஒரே படம். ஒரு இறக்கை மேலே, ஒரு இறக்கை முறிந்தது போலக் கீழே. விமானி தலை சக்கரத்தைவிடப் பெரிது. ஆகாயம் நேற்றுக் கடைந்து மிஞ்சிய கீரை நிறம். உள்ளே எந்த விமானம் என்று மூடி சொல்லவே இல்லை. பக்கவாட்டில் ஒரு நம்பர் மட்டும் அச்சடித்திருந்தது. எந்த நம்பருக்கு எந்த விமானம் என்ற தாள் வழியிலேயே நனைந்து மாவாகிப் போயிருந்தது. இந்த மூடியை வரைந்தவன் எங்கள் பேக்கிங் ரூமில் இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சீசன் தொடங்கியது. ஆட்கள் பெட்டியை எடுப்பார்கள், மூடியைப் பார்ப்பார்கள், வைத்துவிடுவார்கள். கொழும்பு அம்மா ஒருவர் என்னிடமே கேட்டார். "இது கீழ விழுந்த பிளேனா, விழப்போற பிளேனா?"

முதல் வாரத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. முதலாளி சத்தம் போடுகிற மனிதர் அல்ல. பெட்டிகள் அடுக்கிய தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "சீசன் முடியுறதுக்குள்ள இதெல்லாம் போயிரணும் சவரிமுத்து. இல்லேன்னா நீ போயிரணும்."

3. என் கையால் கெட்ட கதை

மூடியை நானே வரைவதாகச் சொன்னேன். வெள்ளைத் தாளை அளவாக வெட்டி, போஸ்டர் கலரில் வரைந்து, கோதுமை மாவுப் பசையால் பழைய படத்தின்மேல் ஒட்டினேன். மத்தியானத்தில் மூடுபனி இறங்கிக் கடையில் ஆள் குறைகிற நேரமெல்லாம் இதுதான் வேலை.

ஆனால் எந்தப் பெட்டியில் எந்த விமானம்? பெட்டி நான்கு பக்கமும் டேப் ஒட்டி வந்திருந்தது. பிரித்தால் பழைய சரக்கு என்று நினைப்பார்கள் என்று முதலாளி ஒன்றுக்கு மேல் பிரிக்க விடவில்லை. நான் தேயிலைக்காரன் மூளையை உபயோகித்தேன். தேயிலையில் பெட்டியின் அளவைப் பார்த்தே உள்ளே எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆகவே பெரிய பெட்டிக்கு நாலு இன்ஜின், நடுப்பெட்டிக்கு இரண்டு, சின்னதுக்கு ஒன்று என்று தீர்மானித்தேன். கேட்க ஆளும் இல்லை.

விமானத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. காலண்டரில் பார்த்தது, பத்திரிகையில் பார்த்தது, மிச்சம் கற்பனை. கீழே பச்சை மலை, இறம்பொடை நீர்வீழ்ச்சி, கொழுந்துக் கூடையோடு அண்ணாந்து பார்க்கும் பெண்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. இரண்டு நாளில் பன்னிரண்டு பெட்டி போய்விட்டது. முதலாளி தன் கையால் எனக்குப் பால் போடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கொத்மலைத் துரை வந்தார். பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

"என்னா இது? மூடியில நாலு இன்ஜின். உள்ள ரெண்டு. மத்த ரெண்டு இன்ஜின் எங்கே?"

"அது வந்துங்க தொரை..."

"யாரு எடுத்தது? நீயா? இது களவு."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். உள்ளே இருந்த விளக்கத் தாளை எடுத்து விரித்தேன். அதில் துண்டுகளுக்கு நம்பர் போட்டுப் படம் இருந்தது. ஆட்கள் ஏறிப்போகிற விமானம் அது, இன்ஜின் இரண்டேதான். இறக்கை நீளம் என்பதால் பெட்டி பெரிது.

"ஒன்னும் காணாமப் போகலீங்க தொரை. சரக்கு சரி. மூடிதான் தப்பு. மூடிய வரைஞ்சது நான். உள்ள பாக்காம வரைஞ்சுட்டேன்."

துரை தாளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் போய் முகம் வாடிவிட்டது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"உலகச் சண்டையில நான் நாலு இன்ஜின் பிளேன்ல இருந்தேன். ஒன் படம் பார்த்து அதுதான்னு நெனச்சேன்" என்றார். பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். களவு என்று சொன்னதையும் விட்டுவிட்டுத்தான் போனார், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கோணல் விமானத்தை வரைந்தவனை எத்தனை ஏசினேன். அவன் அசிங்கமாக வரைந்தான், ஒருவரையும் ஏமாற்றவில்லை. நான் அழகாக வரைந்து பன்னிரண்டு பேரை ஏமாற்றியிருக்கிறேன். எட்டு வருஷம் மார்க் அடித்த கைக்கு இது அவமானம்.

4. ஃபாக்டரி முறை

முதலாளியிடம் நேராகச் சொன்னேன். "எல்லாப் பெட்டியையும் பிரிக்கணும் முதலாளி. ரகத்துக்கு ஒன்னு ஒட்டிப் பார்த்துட்டுத்தான் வரையணும்."

"விக்கிற சரக்க ஒட்டி வைக்கப் போறியா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"தூள ருசி பாக்காம எந்த டீமேக்கரும் மார்க் அடிக்க விடமாட்டாருங்க. ஒரு ரகத்துக்கு ஒன்னுதான். மிச்சச் சரக்கு பூராவும் போகலேன்னா நானே பொட்டியக் கட்டுறேன்."

அவர் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு கத்திரிக்கோலை என் பக்கம் தள்ளினார்.

பிரித்ததில் ஏழு ரகம். ஆறு ரகத்தில் ஒவ்வொன்றை ஒட்டிக் கடை ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொங்குகிற விமானத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தைத் தகட்டில் வெட்டினேன். மூடியில் அதை வைத்து நிறம் குத்தி எடுத்து, இன்ஜினையும் கண்ணாடியையும் கையால் முடித்தேன். மலை இல்லை, நீர்வீழ்ச்சி இல்லை. கீழே தேயிலைப் பெட்டி மாதிரியே ஆங்கிலத்தில் வரி வரியாக எழுதினேன்: இன்ஜின் எத்தனை, துண்டு எத்தனை, இறக்கை எத்தனை அங்குலம். நம்பருக்குக் கீழே, பழக்க தோஷம், ஒரு புள்ளி.

கடை வாசலில் ஒரு போர்டும் எழுதி வைத்தேன். தப்பான மூடி பார்த்து வாங்கியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்த போர்டை எழுதும்போது காது சூடேறியது. மூன்று பேர் வந்து மாற்றினார்கள். மற்றவர்களுக்கு மலையும் நீர்வீழ்ச்சியுமே போதும் போலிருந்தது.

ஒட்டாமல் வைத்த ஏழாவது ரகத்தில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. நடுப்பெட்டி. என் பழைய கணக்குப்படி இரண்டு இன்ஜின் என்று வரைந்திருப்பேன். பிரித்தேன். உள்ளே ஒரே அளவில் நாலு இன்ஜின்கள். குண்டு போடுகிற விமானம். விளக்கத் தாளைப் பார்த்தே, முதல் ஆறைவிடக் கவனமாக அந்த மூடியை வரைந்தேன். கொத்மலைத் தோட்டத்துத் தபால்காரர் டவுனுக்கு வந்தபோது அவர் கையில் துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். 'நாலு இன்ஜின் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்' என்று மட்டும் எழுதினேன்.

5. துரை எண்ணினார்

மறுநாளே வந்துவிட்டார். மூடியில் விரல் வைத்து எண்ணினார். திறந்து உள்ளேயும் எண்ணினார். பிறகு வாலடியில், துப்பாக்கிக்காரன் உட்காருகிற இடத்துக்கு ஒட்டுகிற சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்கதான் நான் இருந்தேன்" என்றார். அன்றைக்கும் கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் முதலாளி பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நான் இவன களவுன்னு சொன்னேன். அது தப்பு. இவன் நல்ல ஆளு."

ஒரு துரை கடையில் நின்று தன் தப்பைத் தப்பு என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெட்டியைக் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கிளப்பில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க துரைமார் ஜீப்பில் வந்து ஜன்னலில் தொங்கியதைக் காட்டிக் கேட்டார்கள். சீசன் முடிய நாலு நாள் இருக்கும்போதே தட்டு காலி. ஒட்டித் தொங்கவிட்ட ஆறையும்கூடக் கேட்டு வாங்கிப் போனார்கள். முதலாளி வெறும் நூல்களைப் பார்த்து, "இத எப்பக் கழட்டப் போற?" என்றார். நான் போவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

6. புள்ளி

கொழும்பு ஏஜெண்ட் வந்தபோது என் மூடிகளில் ரகத்துக்கு ஒன்றாகக் கேட்டார். செய்து கொடுத்தேன். சீமையில் இருக்கிற கம்பெனிக்கு அனுப்புவதாகச் சொன்னார். நான் அதை மறந்தும்விட்டேன்.

அடுத்த வருஷ சீசனுக்குச் சரக்கு வந்தது. முதலாளிதான் கட்டை அவிழ்த்தார். "சவரிமுத்து, இங்க வாப்பா" என்றார். கோணல் விமானம் போய்விட்டது. பளபளப்பான அச்சில், ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் விமானம், பக்கவாட்டில். கீழே இன்ஜின் எத்தனை, துண்டு எத்தனை, இறக்கை எத்தனை அங்குலம். என் பெயர் எங்கும் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் நம்பருக்குக் கீழே, சற்று இடப்பக்கம் தள்ளி, ஒரு கறுப்புப் புள்ளி. அது என்னவென்று தெரியாமலே, அதுவும் படத்தில் சேர்த்தி என்று நினைத்து, எல்லா மூடியிலும் அச்சடித்திருந்தார்கள்.

கடை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு மூடியை வரையுங்கள். பார்க்காமல் வரைந்துவிட்டால், வரைந்தது நான்தான் என்று சொல்லுங்கள். அழகு அதற்குப் பிறகு வரட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு இறம்பொடைக்குப் பஸ் ஏறினேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அல்ல. டீமேக்கர் ஐயா வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியை நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி, தேயிலைப் பெட்டியைப் பார்க்கிற அதே பார்வையில் மேலிருந்து கீழே வந்தார். நம்பரில் நின்றார்.

"இது சீமையில அச்சடிச்சதுதானே?"

"ஆமாங்க ஐயா."

"அப்புறம் ஒன் புள்ளி எப்படிடா அங்க போச்சு?"