டிஸ்க் இல்லாத டப்பா

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில், ஜூஸ் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் இருக்கிறது ஃபர்ஹீனின் கடை. போர்டில் 'கேம்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் உள்ளே ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இல்லையா?" என்று கேட்பார்கள். "நாந்தான். என்ன வேணும், சொல்லுங்க" என்பாள்.

பிறந்தது உத்தமபாளையம். அண்ணன் அஸ்லம் துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது தனக்கென்று ஒரு கேம் மெஷின் கொண்டுவந்தான். லீவு முடிந்து போகும்போது அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். காலேஜ் விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தவள் ஃபர்ஹீன்தான். அத்தா சம்சுதீன் ரெண்டு தடவை சத்தம் போட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் ஏன்மா சுவத்துல ஏறுறான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்தபோது சீர் சாமான்களோடு அந்த மெஷினும் வந்தது. புருஷன் ராஜா முகம்மது திராட்சை வியாபாரி. தோட்டங்களில் பழத்தை மொத்தமாக வாங்கி மதுரைக்கு வண்டியில் ஏற்றிவிடுவது அவர் சோலி. இவளுக்கு இருந்த கஷ்டம் ஒன்றுதான். கையிலிருந்த டிஸ்க் எல்லாம் ஆடி முடிந்துவிட்டது. புதுசு வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். இதே கஷ்டம் ஊரில் இன்னும் பல பேருக்கு இருந்தது. ஆடி முடித்ததை ஒருத்தரிடம் கொடுத்து, அவர் முடித்ததை வாங்கி, அதை இன்னொருவருக்கு மாற்றி என்று வீட்டு வாசலில் ஆரம்பித்தது, வாசல் கொள்ளாமல் போனதும் கடையானது.

கடை நன்றாகவே ஓடியது. ஒரு புது டிஸ்க் வந்தால் அது கம்பத்தில் ஒரு வீடு, கூடலூரில் ஒரு வீடு, பிறகு மலைக்கு மேலே என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மலைக்குக் கொண்டுபோக ஜீப்புகள் இருந்தன. ஏலக்காய் எடுக்கப் போகும் பொம்பளைகளை விடியக்காலையில் ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக ஜீப்புகள் கேரளாவுக்குள் போகும், சாயந்திரம் திரும்பி வரும். அதில் ஒரு ஜீப்பின் டிரைவர் சுருளிராஜன். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை எப்போதும் தொங்கும். மேலே எஸ்டேட்டுகளில் இருக்கும் சூப்பர்வைசர்கள், கணக்குப்பிள்ளைகள், முதலாளி வீட்டுப் பையன்கள் கேட்ட டிஸ்க் எல்லாம் அந்தப் பையில்தான் ஏறும், இறங்கும். மழைக்காலத்தில் மலையில் பொழுது போகாது. செல்போனில் ஒரு பாட்டுக்கூட ஆடி அசைந்துதான் இறங்கும் ஊர்கள் அவை.

கீழே அப்படி இல்லை. ஃபைபர் லைன் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. தேனியிலும் பழனிசெட்டிபட்டியிலும் டிஸ்க் போடும் வாயே இல்லாத மெஷினை வாங்க ஆரம்பித்தார்கள். சோபாவில் இருந்தபடியே பட்டனை அமுக்கினால் கேம் வீட்டுக்குள் வந்து இறங்குகிறது. கம்பத்துப் பிள்ளைகள் கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் சும்மா பார்த்துவிட்டு, "நான் ஆன்லைன்லயே எடுத்துட்டேன்க்கா" என்று போனார்கள். ஃபர்ஹீனுக்கு அவர்கள்மேல் கோபமில்லை. அவளே வீட்டில் ரெண்டு மூன்று கேம் அப்படி வாங்கியிருந்தாள். மலை இருக்கிறவரை கடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பில் கல் விழுந்தது போன ஆடியில்.

வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறவன் ஈஸ்வரபாண்டி. பூர்வீகம் கூடலூர். மனைவி முனீஸ்வரியோடு எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறான். ஒரு போர் விளையாட்டின் அடுத்த பாகம் வரப்போகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லி வைத்திருந்தான். வந்ததும் மதுரை மொத்த வியாபாரி சுந்தரலிங்கத்திடமிருந்து வாங்கி, மூடிய டப்பாவை அப்படியே சுருளிராஜன் பையில் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் சாயந்திரம் ஜீப்பிலிருந்து பையோடு ஈஸ்வரபாண்டியும் இறங்கினான். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வந்து டப்பாவை மேசையில் திறந்து வைத்தான்.

"என்னக்கா இது? டிஸ்க்க எடுத்துட்டு வெறும் டப்பாவக் குடுத்து விட்ருக்கீக!"

உள்ளே டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோட் நம்பர்.

ஃபர்ஹீன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்க ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 'உள்ளே டிஸ்க் இல்லை, இன்டர்நெட் வழியாக இறக்கிக்கொள்ளவும்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. இத்தனை வருஷமாகக் கடை நடத்தியும் அவள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. டப்பா என்றால் உள்ளே டிஸ்க்.

"சத்தியமா எனக்கே தெரியாது தம்பி. கம்பெனியே இப்படித்தான் அனுப்பிருக்காக."

"ஒங்களுக்கே தெரியாதுன்னா நான் யார்கிட்டப் போயிக் கேக்குறது? அங்கன செல்லுல பேசணும்னாலே பாறை மேல ஏறி நிக்கணும். நெட்டுக்கு நான் எங்க போவேன்?"

நின்றிருந்த நாலு பேரில் ஒருவன் சிரித்தான். ஃபர்ஹீனுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சுந்தரலிங்கத்துக்குப் போன் போட்டாள். பிரித்த டப்பாவைத் திருப்பி எடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

"சரி. மெஷினக் கீழ எறக்கிட்டு வாங்க. இங்கன லைன் இருக்கு, நான் ஏத்தித் தாரேன்" என்றாள்.

ஈஸ்வரபாண்டி முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் மெஷின் வந்தது. முனீஸ்வரி அதைப் போர்வையில் சுற்றி, ஏலக்காய்ச் சாக்கில் போட்டு, தண்ணீர் படாமல் வாயைத் தைத்தே அனுப்பியிருந்தாள். அவனுக்கென்று அக்கவுண்ட் எதுவும் இல்லாததால், ஃபர்ஹீன் கடை பேரில் புதிதாக ஒன்று தொடங்கி, சீட்டிலிருந்த கோட் நம்பரை அடித்து, சரியாக வருகிறதா என்று முதலில் கடை மெஷினிலும் பிறகு அவன் மெஷினிலும் கேமை இறக்கினாள். அது ஒரு பகலும் ஓர் இரவும் இறங்கியது. கடை மெஷினில் ஒரு தடவை, ஈஸ்வரபாண்டி மெஷினில் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். நன்றாக ஓடியது. சாக்கைத் திரும்பத் தைத்து அனுப்பினாள்.

மறுநாள் பாறை மேலிருந்து போன் வந்தது. "அக்கா, நெட்டு இருந்தாத்தான் தொறப்பேங்குது."

விஷயத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமானது. ஓர் அக்கவுண்டுக்கு ஒரு மெஷின்தான் சொந்த வீடு. நெட் இல்லாமல் திறக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில்தான் திறக்கும். அவள் முதலில் கடை மெஷினில் போட்டதால் அது கடையையே வீடு என்று எழுதிக்கொண்டுவிட்டது. வீட்டை மாற்றலாம். ஆனால் மாற்றுகிற நேரத்தில் ஈஸ்வரபாண்டியின் மெஷினுக்கு நெட் இருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை எறக்கிட்டு வாறீகளா?"

"என்னால முடியாதுக்கா. காயெடுப்பு நேரம், நான் வர லீவு கேட்டா மொதலாளி பேசுவாரு. இந்த மழையில மறுபடி தனியாச் சாக்குல அனுப்பவும் பயமா இருக்கு. விடுங்க, எந்தலையெழுத்து."

இது கோபத்தில் சொன்னதாக இருந்திருந்தால் அவள் விட்டிருப்பாள். அலுத்துப்போய்ச் சொன்னதுதான் அவளைத் தைத்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷனிடம், "நான் நாளைக்கு மேல போயிட்டு வாரேன்" என்றாள்.

ராஜா முகம்மது தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். "ஒரு டப்பாவுக்கா?"

"என் கடை டப்பாங்க."

காலையில் அவரே பைக்கில் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, சுருளிராஜனிடம், "பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார்.

ஜீப்புக்குள் பதினைந்து பொம்பளைகளுக்கு நடுவில் புர்காவும் பையுமாக ஃபர்ஹீன் ஒடுங்கி உட்கார்ந்தாள். எதிரே இருந்த கருத்தம்மாள், "ஏத்தா, நீயும் காயெடுக்கவா வார?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஒரு மெஷின் ரிப்பேரு."

"கரண்டு மெஷினா?"

"வெளையாட்டு மெஷினு."

கருத்தம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். ரெண்டு பேரும் வெற்றிலை வாயோடு சிரித்தார்கள். சிரித்துவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஃபர்ஹீனுக்குக் குமட்டியபோது புளிப்பு மிட்டாய் கொடுத்ததும் அவள்தான்.

எஸ்டேட்டில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, மேட்டில் இருந்த ஏலக்காய் ஸ்டோர். பறித்த காயைச் சூட்டில் உலர்த்துகிற இடம். சாப்பாட்டு நேரத்தில் ஈஸ்வரபாண்டி டிவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். முனீஸ்வரி மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற மலையாளத்துக்காரர் மூட்டைகளைத் தள்ளி இடம் கொடுத்தார். ஆனால் வாசலிலேயே நின்று, "சேச்சி, வேகம், வேகம். முதலாளி வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஃபர்ஹீன் தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. போனை ஜன்னல் கம்பியில் வைத்தாள். அங்கேயும் நிற்கவில்லை. முனீஸ்வரி போனைக் கையில் வாங்கிக்கொண்டு மூட்டை மேல் ஏறி, கூரைத் தகரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். ரெண்டு கோடு வந்தது.

"அப்படியே நில்லும்மா, அசையாத!"

"கை வலிக்குதுக்கா, வெரசா பாருங்க."

வீடு மாறியது. கையோடு அக்கவுண்டையே ஈஸ்வரபாண்டி பேருக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் அவனையே போடச் சொன்னாள். பிறகு நெட்டை அணைத்துவிட்டு, "இப்பத் தொறங்க" என்றாள். திரை கொஞ்ச நேரம் கறுப்பாக நின்றது. பிறகு முரசுச் சத்தத்தோடு கேம் திறந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு எட்டிப் பார்த்த பொம்பளைகளில் கருத்தம்மாள், "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றாள். ஃபர்ஹீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

இந்தக் கதை ஜீப்போடு ஜீப்பாக மலை முழுக்கப் பரவியது. அடுத்த வாரமே வேறு எஸ்டேட்டிலிருந்து ரெண்டு மெஷின்கள் சாக்கில் இறங்கின. கேம் ஏற்றிக் கொடுப்பது கடையில் ஒரு தனி வேலையானது. ஃபர்ஹீன் வேகமான லைனாக இன்னொன்று இழுத்தாள். மெஷின் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே நெட் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் கை வைக்கிறாள். டிஸ்க் இல்லாத டப்பாக்களைத் தனி அலமாரிக்கு மாற்றி, 'உள்ளே சீட்டு மட்டும்தான்' என்று பெரிதாக எழுதி ஒட்டினாள்.

ஆனால் ஒன்றை மட்டும் அவளால் சரிசெய்ய முடியவில்லை. மழை ஓய்ந்த பிறகு ஈஸ்வரபாண்டி கடைக்கு வந்தான்.

"முடிச்சுட்டேன்க்கா. அருமையான கேமு. இதக் குடுத்துட்டு வேற எடுத்துக்கிறவா?"

"இதுல மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லையே தம்பி. ஒங்க பேரோட ஒட்டிக்கிருச்சு."

"அப்ப வேற யாருக்கும் குடுக்க முடியாதா? கூடலூர்ல என் மச்சான் கேட்டான்."

"குடுக்க முடியாது. அவரு புதுசாத்தான் வாங்கணும்."

அவன் காலி டப்பாவைத் திறந்தான், மூடினான். "காசு குடுத்து வாங்குனது, என் பொருளுன்னுல்ல நெனச்சேன்" என்றான். அவன் போன பிறகு ஃபர்ஹீன், டிஸ்க்காக வந்திருந்தால் இந்தக் கேம் இந்நேரம் எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். மச்சான் வீடு, பிறகு குமுளி லாட்ஜ்காரர், பிறகு சின்னமனூர் டீச்சர். அவர்களில் பாதிப் பேர் புதுசு வாங்குகிறவர்கள் இல்லை.

மார்கழியில் சுந்தரலிங்கம் போன் செய்தார். டிஸ்க் வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஹெட்போனும் நாற்காலியும் விற்கப் போவதாகச் சொன்னார். மீதிச் சரக்கை மொத்தமாக எடுக்க ஆள் தேடுகிறாராம். ஃபர்ஹீன் ரெண்டு நாள் யோசித்தாள். பிறகு புருஷனிடம் கேட்டாள். திராட்சை இறக்கிவிட்டு வண்டி மதுரையிலிருந்து காலியாகத்தானே வருகிறது?

அந்த வண்டியில் வந்து இறங்கிய டப்பாக்களை அடுக்க ராஜா முகம்மதுவும் கூட நின்றார். "ஆளுக எல்லாம் சோபாவுல உக்காந்தே வாங்குறாக. இது அம்புட்டும் போகுமா?" என்று கேட்டார்.

"அம்புட்டும் போகாது. பாதி போகும்" என்றாள்.

அடுக்கி முடிக்கும் முன்பே சந்துக்குள் ஜீப் வந்து நின்றது. சுருளிராஜன் தலையை மட்டும் நீட்டினார். "ஆத்தா, முனீஸ்வரி ஒரு கேமு கேட்டுச்சு. புருஷனுக்கு இல்லையாம், அதுக்கு. கார் ஓட்டுற மாதிரி வேணுமாம். டப்பாவக் குலுக்கிப் பாத்துட்டுத் தரச் சொன்னுச்சு."

ஃபர்ஹீன் மதுரைச் சரக்கில் தேடினாள். கார் கேம் ரெண்டு கிடைத்தன. ஒன்று ரேஸ், மற்றது சும்மா ஊர் சுற்றுவது. முனீஸ்வரிக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ரெண்டையும் குலுக்கிப் பார்த்துவிட்டு மஞ்சள் பையில் போட்டாள்.

"பிடிக்காதத நாளைக்குத் திருப்பிக் குடுத்து விடச் சொல்லுங்கண்ணே" என்றாள்.