காது இருக்கும்போதே ஒரு கிடார்

மொட்டைமாடித் துணிக்கொடியில் ஒரு கிடாரின் உடம்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்து இல்லை, கம்பி இல்லை. கருநீலப் பெயின்ட் அடித்த கனமான பலகை, என் நைட்டிக்கும் தம்பியின் கம்பெனி யூனிஃபார்முக்கும் நடுவில் காற்றுக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா, "இன்னாடி இது, முறமா?" என்று கேட்டார். கிடார் என்றேன். மீதி எங்கே என்றார். மீதியெல்லாம் கூரியரில் வருகிறது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

அப்பா அம்மா போன பிறகு நானும் தம்பியும் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, ஒரு லைன் வீட்டில் ஒரு போர்ஷன் எடுத்துக் குடியிருந்தோம். எனக்கு ஒரு உதிரிபாகக் கம்பெனியில், வெளியிலிருந்து வருகிற பாகங்கள் டிராயிங்படி இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற வேலை. என் வாயிலிருந்து ஓகே வாங்குவது சுலபமில்லை என்று சப்ளையர்கள் புலம்புவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். தம்பிக்கு வேறொரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் கார் கதவாக்கிவிடும் மெஷின். அந்த அடி பக்கத்துத் தெரு வரை தரையில் தெரியும்.

காதுக்கு வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். எல்லோரும் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். மெஷின் முன் நின்றதும் நல்ல ஆபரேட்டர் ஒரு பக்கத்தை மெதுவாகத் தளர்த்திவிடுவான். அச்சில் கீறல் விழுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் மாறும். அதைக் காதால் பிடிப்பவனுக்கு அந்த ஷாப்பில் தனி மரியாதை. என் தம்பிக்கு அந்த மரியாதை நிறையவே கிடைத்தது. வேண்டாமடா என்று நான் சொல்லாத நாள் இல்லை. "சத்தம் கேக்காம மிஷின் ஓட்டறது கண்ண கட்டிக்கினு வண்டி ஓட்டற மாதிரிக்கா" என்பான்.

ஒருநாள் அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கத்திக்கொண்டே ஓடிவந்து அடுப்பை அணைத்தேன். அவன் நிமிர்ந்து, ஏன் ஓடி வருகிறாய் என்று சாவகாசமாகக் கேட்டான். காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர், ஒரு காது போய்விட்டது, இன்னொன்றும் அதே வழியில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, நரம்பு சம்பந்தப்பட்டது, காதுக்கு மெஷின் வைத்தாலும் ஓரளவுக்குத்தான் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அவரை அங்கேயே அறைந்துவிடலாமா என்று இருந்தது. அவர் சொன்னதுதான் நடந்தது.

தம்பி கிடார் வாசிப்பான். கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசிக்கிற நண்பனின் கச்சேரிக் குழுவில் ஆள் குறைந்தால் போவான். கிடார் என்றைக்கும் இரவல்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே, சொந்தமாக ஒன்று வேண்டும் என்றான். ஸ்ரீபெரும்புதூர் போனால் கையோடு வாங்கி வந்துவிடலாமே என்றேன். "கடைல விக்கறதெல்லாம் காது இருக்கறவனுக்குக்கா" என்றான். மெல்லிய சத்தங்கள் அவனுக்கு முன்பே மறைந்துவிட்டன. தடித்த கம்பிகளின் அடிச்சத்தம்தான் மிச்சம். கனமான மரம் வேண்டும், வாசித்தால் நெஞ்செலும்பில் அதிர வேண்டும்; கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் இருப்பதிலேயே பலமானதாக வேண்டும். ஒவ்வொன்றையும் தேடித்தேடி ஆர்டர் போட்டு, தானே கோர்த்துவிடுவதாகத் திட்டம்.

திட்டம் என்றால் கம்பெனித் திட்டம்தான். அவனுக்கு வேறு மாதிரித் தெரியாது. சுவரில் சார்ட் ஒட்டினான். எது முன்னால், எது பின்னால், எது வரும்வரை எது காத்திருக்கக்கூடாது என்று அம்புக்குறி போட்டான். கம்பி முறுக்கும் சாவிக்குக்கூடப் பார்ட் நம்பர் கொடுத்தான். பாகங்கள் வர வர நான் வெர்னியர் வைத்து அளந்து ஓகே சொன்னால்தான் கட்டிலுக்கடியில் போகும். பிக்கப்பைத் திருப்பித்திருப்பிப் பார்த்து நான் முகம் சுளித்தால், "இன்ஸ்பெக்டரம்மா, வுட்ருங்க" என்று கும்பிடுவான். கம்பெனிப் பெயின்ட் ஷாப்பில் இருந்த இன்னொரு நண்பன் காருக்கு அடிக்கிற பெயின்டையே அடித்துக் கொடுத்தான். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு சத்தமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவன் காதுக்காகத்தான் நான் கத்திப் பேசினேன் என்றாலும் சந்தோஷம் பொய்யில்லை.

கழுத்து மட்டும் வரவில்லை. கம்பிகளுக்குக் கீழே விரல் வைத்து அழுத்துகிற, குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்த அந்த நீளமான துண்டு. வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது, எங்கோ சிக்கிக்கொண்டது. தம்பி காத்திருக்கவில்லை. கம்பிகளின் மறுமுனையைத் தாங்குகிற பிரிட்ஜுக்கான துளைகளை, நெட்டில் எடுத்த கிடார் டிராயிங்கில் இருந்த இடத்தில், லேத்துப் பட்டறையில் கொடுத்துப் போட்டுவிட்டான். கிடார் செய்கிறவர்கள் யாரும் கழுத்தைக் கையில் வாங்காமல் அந்தத் துளையைப் போடமாட்டார்களாம், பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. கம்பெனி லைனில் ஒரு பாகத்துக்காக இன்னொரு பாகம் நின்றதில்லை. எங்கோ யாரோ செய்த ஸ்க்ரூ, எங்கோ யாரோ போட்ட துளையில் தானாக உட்காருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

கழுத்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய அவசரத்தில் நான்கூட வெர்னியரை எடுக்கவில்லை. நான்கு ஸ்க்ரூவும் அதனதன் துளையில் அழகாக உட்கார்ந்தன. கம்பி கட்டி, கச்சேரிக்கார நண்பனிடம் வாங்கி வந்த ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, அடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. "கேக்குதுக்கா" என்றான். பிறகு விரலை வைத்து அழுத்தி வாசித்தான். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மறுபடி வாசித்தான். எனக்கே தெரிந்தது, வெறும் கம்பி சரியாகப் பேசியது, விரல் வைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கரகரத்தது. மேலே போகப்போக மோசமானது. பிரிட்ஜைக் கடைசி வரை நகர்த்திப் பார்த்தான். டேப்பை எடுத்து அளந்தான். வந்த கழுத்து டிராயிங்கில் இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமான கம்பிக்கானது. பிரிட்ஜ் ஒரு விரற்கடை பின்னால் இருந்திருக்க வேண்டும்.

அவன் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், அடிக்கம்பியை மட்டுமாவது வாசி, விரல் வைக்காமல் வாசி, எப்படியோ வாசி, இன்றைக்குக் கேட்கிறதல்லவா என்று கெஞ்சினேன். வாழ்நாளெல்லாம் ரிஜெக்ட் ரிஜெக்ட் என்று சொன்ன வாயால் கெஞ்சினேன். அவன் கோபப்படவில்லை.

"கடைசியா கேட்டதுதான்க்கா மண்டைல நிக்கும். அது தப்பா இருக்கக் கூடாது" என்றான்.

பழைய துளைகளில் மரமுளை அடித்துப் பசை ஊற்றினான். அது காய்ந்தால்தான் மறுபடி துளை போட முடியும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒரகடம் சர்வீஸ் ரோடெல்லாம் தண்ணீர். லேத்துப் பட்டறைக்குள் முழங்கால் அளவு நின்றதென்று மூடிவிட்டார்கள். அவன் தினமும் பசையை நகத்தால் அழுத்திப் பார்ப்பான். நான் தினமும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். முதலில் திரும்புவான். பிறகு கொஞ்சம் யோசித்துத் திரும்புவான். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் அவனுக்கு எட்டாமல் போனதும், நான்தான் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்று கைகாட்டி அவனை அனுப்பினேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று மழையைத் திட்டியிருக்கிறேன். அந்தக் கழுத்தை அனுப்பியவனை, டிராயிங் போட்டவனை, பிரஸ் மெஷினை, எல்லோரையும் திட்டியிருக்கிறேன். மழை நின்றபோது, நான் கூப்பிட்டு அவன் திரும்பாமல் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன.

இப்போது அவன் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறான். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டான். நான் முணுமுணுத்துத் திட்டுவதைக்கூடப் பிடித்துவிடுகிறான். அந்த ஷாப்பில் இப்போது அடைப்பானை எடுத்தால் சூப்பர்வைசர் சண்டைக்கு வருகிறாராம். கேட்க நல்ல செய்திதான். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மழை விட்ட பிறகு வந்த ஞாயிறு சாயங்காலம், புதுத் துளை போட்டு, கிடார் முழுசாக முடிந்தது. போனில் சுருதி காட்டுகிற ஊசியைப் பார்த்துத்தான் கம்பிகளை முறுக்கினான். டேப் வைத்து இருமுறை அளந்தான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிடாரை நெஞ்சோடு அணைத்து வாசித்தான். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விரல் எங்கே போனாலும் சுத்தமாக, ஆழமாக, பிசிறில்லாமல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லைன் வீடு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. சண்டை போட வந்த வீட்டுக்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"சவுண்டு கொஞ்சம் ஏத்துக்கா" என்றான் தம்பி.

ஆம்ப்ளிஃபயரின் குமிழ் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் போக வழியில்லை. நான் குனிந்து அதன்மேல் விரல்களை வைத்து, திருப்புவதுபோலக் கையை மட்டும் அசைத்தேன். நிமிர்ந்து, இப்போது கேட்கிறதா என்று தலையசைத்துக் கேட்டேன்.

அவன் வாசிப்பதை நிறுத்தவில்லை. கிடாரைப் பார்க்கவில்லை, வாசலில் நின்றவர்களைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இப்ப கேக்குதுக்கா. நீ அழாத."